நீர்க்கரையில் ஒரு வாழ்வு

நுழையும்முன்

ஏரி என்றதும் உழவருக்குப் பாசனம் நினைவுக்கு வரும். வலைஞருக்கு மீன் நினைவுக்கு வரும். அதே ஏரியைப் பறவைகளின் ஊராகக் கண்டவர் சலீம் அலி. கரையில் ஓசையின்றி நின்று பார்ப்பதையே வாழ்நாள் பணியாக்கிக்கொண்ட அவரது வரலாறு, வடநாட்டு ஏரி ஒன்றின் வரலாற்றோடு பின்னிக் கிடக்கிறது.

கல்லில் எழுதிய கணக்கு

1938ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள். பரத்பூர் சமஸ்தானத்தின் கேவலாதேவ் ஏரியில் வைசிராய் லின்லித்கோ பிரபுவுக்காக வாத்து வேட்டை ஏற்பாடாகியிருந்தது. அன்று ஒரே நாளில் சுட்டு வீழ்த்தப்பட்ட பறவைகள் 4,273. இத்தகைய வேட்டைகளின் கணக்கைக் கல்லில் பொறித்து ஏரிக்கரையில் நாட்டிவைப்பது அவ்வூர் வழக்கம். வேட்டை நடந்த நாள், விருந்தினரின் பெயர், துப்பாக்கிகளின் எண்ணிக்கை, விழுந்த பறவைகளின் எண்ணிக்கை என்று வரிசையாக எழுதிய அக்கற்கள் ஏரி நடுவேயுள்ள சிவன் கோயிலின் அருகே இன்றும் நிற்கின்றன. அக்கோயில் இறைவனின் பெயரே ஏரிக்கும் பெயராயிற்று.

அதே நாளில் பம்பாயைச் சேர்ந்த ஒருவருக்கு நாற்பத்திரண்டு வயது நிறைந்தது. அவரும் இளமையில் துப்பாக்கி ஏந்தியவரே. பிற்காலத்தில் அந்த ஏரி வயலாக மாறாமலும் வேட்டைக்களமாகவே நின்றுவிடாமலும் காத்ததில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. அவர்தாம் சலீம் மொய்சுதீன் அப்துல் அலி.

மஞ்சள் தொண்டைச் சிட்டு

சலீம் அலி 1896ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் பம்பாயில் பிறந்தார். உடன்பிறந்தோருள் அவரே கடைசி. ஒரு வயதில் தந்தையையும் மூன்று வயதில் தாயையும் இழந்தார். பிள்ளையற்ற தாய்மாமன் அமீருதீன் தையாப்ஜியும் அவர்தம் துணைவியார் ஹமீதா பேகமும் குழந்தைகள் அனைவரையும் தம் பிள்ளைகளாகவே வளர்த்தனர். மாமன் வேட்டையில் பெருவிருப்பம் உடையவர். ஆதலின், சிறுவனின் கையில் விளையாட்டுத் துப்பாக்கி ஒன்று வந்து சேர்ந்ததில் வியப்பில்லை.

ஒருநாள் சிறுவன் ஒரு சிட்டுக்குருவியைச் சுட்டு வீழ்த்தினான். எடுத்துப் பார்த்தபோது அதன் தொண்டையில் மஞ்சள் தீற்று ஒன்று தெரிந்தது. முற்றத்தில் திரியும் குருவிகளுக்கு அப்படி இருப்பதில்லையே என்ற ஐயம் எழுந்தது. மாமனிடம் கேட்டான், அவருக்கும் விடை தெரியவில்லை. ஆனால், விடை எங்கே கிடைக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளராக இருந்த மில்லர்டு என்னும் ஆங்கிலேயருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்து, இறந்த குருவியோடு சிறுவனை அனுப்பிவைத்தார். அது 1908ஆம் ஆண்டை ஒட்டிய நிகழ்ச்சி.

வெள்ளைக்காரர்களைக் கண்டாலே இந்தியச் சிறுவர்கள் ஒதுங்கி நின்ற காலம் அது. மில்லர்டோ சிறுவனை அன்போடு வரவேற்றார். அது மஞ்சள்தொண்டைச் சிட்டு என்று இனம் காட்டினார்; இழுப்பறைகளைத் திறந்து, பாடம் செய்து வைத்திருந்த இந்தியப் பறவைகளின் உடல்களை ஒவ்வொன்றாய்க் காட்டினார்; படிக்க நூல்களும் தந்தார். பறவையைக் கொன்ற கைக்குக் கிடைத்தது கண்டிப்பன்று, கல்வி. எண்பது வயதைக் கடந்தபின் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதிய சலீம் அலி, வீழ்ந்த அந்தச் சிட்டையே நூலின் தலைப்பில் வைத்தார்.

வேலையற்றவரின் ஆராய்ச்சி

அவர் கல்லூரிப் படிப்பில் ஒளிர்ந்தவர் அல்லர். புனித சேவியர் கல்லூரியில் முதலாண்டிலேயே தடுமாறிப் படிப்பை விட்டார். குடும்பத்தாரின் சுரங்க, மரத்தொழில்களைக் கவனிக்கப் பர்மாவின் தவாய் பகுதிக்குச் சென்றார். வணிகம் வளரவில்லை, காடுகளில் பறவை பார்க்கும் பழக்கம் மட்டும் வளர்ந்தது. 1917இல் தாயகம் திரும்பி வணிகச் சட்டமும் கணக்கியலும் படிக்கத் தொடங்கினார். புனித சேவியர் கல்லூரியின் பிளாட்டர் பாதிரியார் அவரது உண்மையான நாட்டத்தை அறிந்து விலங்கியலும் படிக்கத் தூண்டினார். 1918இல் தெஹ்மினா பேகத்தை மணந்தார். மீண்டும் பர்மா, மீண்டும் வணிகம், மீண்டும் தோல்வி.

இந்திய விலங்கியல் ஆய்வகத்தில் பறவையியலாளர் பணிக்கு விண்ணப்பித்தார். உரிய பட்டம் இல்லை என்பதால் அப்பணி கிட்டவில்லை. 1926இல் பம்பாய் அருங்காட்சியகத்தின் இயற்கை வரலாற்றுப் பிரிவில் வழிகாட்டி விரிவுரையாளர் ஆனார். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பறவைகளைப் பற்றி நாள்தோறும் பேசுவது ஈராண்டில் சலித்தது. விடுப்பெடுத்துக்கொண்டு 1928இல் ஜெர்மனி சென்றார். பெர்லின் பல்கலைக்கழக விலங்கியல் அருங்காட்சியகத்தில் எர்வின் ஸ்ட்ரெஸ்மான் என்னும் பேரறிஞரிடம் பயிற்சி பெற்றார். பறவையின் இறகையும் அலகையும் அளந்து பெயரிடுவதோடு பறவையியல் முடிவதில்லை. அது எப்படி வாழ்கிறது, ஏன் அவ்வாறு வாழ்கிறது என்பதே பெரிய கேள்வி என்பதை அங்கே கற்றார். ஹெலிகோலாந்துத் தீவின் ஆய்வுநிலையத்தில் பறவைகளின் காலில் வளையமிடும் முறையையும் நேரில் கண்டார்.

1930இல் திரும்பி வந்தபோது பணியிடமே இல்லை. நிதிப் பற்றாக்குறையால் அருங்காட்சியகம் அப்பதவியை நீக்கியிருந்தது. ஜெர்மனியில் உயர்பயிற்சி பெற்றுவந்த முப்பத்து மூன்று வயது மனிதர் வேலையற்றவராய் நின்றார். பம்பாயில் குடும்பம் நடத்தப் பொருளில்லை. கணவனும் மனைவியும் கடலுக்கு அப்பால் கிஹிம் என்னும் கடற்கரைச் சிற்றூரில் இருந்த வீட்டுக்குக் குடிபெயர்ந்தனர்.

அங்கே தூக்கணாங்குருவிகள் கூட்டமாய்க் கூடு கட்டியிருந்தன. மழைக்காலம் முழுவதும் அவற்றைப் பார்ப்பதைத் தவிர அவருக்கு வேறு வேலை இல்லை. ஆண்குருவி கூட்டைப் பாதி கட்டியதும் நிறுத்திவிடுகிறது. பெண்குருவிகள் வந்து பார்வையிடுகின்றன. சில கூடுகளை ஏற்கின்றன, சிலவற்றை விட்டு நீங்குகின்றன. ஒரு பெண்குருவி ஏற்றுக்கொண்ட பின்னரே ஆண்குருவி அக்கூட்டை முழுமையாக்குகிறது. பெண்குருவி முட்டையிட்டு அடைகாக்கத் தொடங்கியதும் ஆண்குருவி அடுத்த கூட்டைக் கட்டத் தொடங்குகிறது. அதற்கு மற்றொரு பெண்குருவி வருகிறது. நாடறிந்த இக்குருவியின் இல்லற ஒழுங்கை அதுவரை எவரும் இவ்வளவு தெளிவாகக் கண்டு எழுதியதில்லை. பெரிய ஆய்வுக்கூடமோ விலையுயர்ந்த கருவியோ இதற்குத் தேவைப்படவில்லை. பொறுமையும் நாள்தோறும் எழுதிய குறிப்பேடும் போதுமானவையாக இருந்தன.

அதன்பின் அவர் ஒரு துணிவான வழியைக் கண்டார். சமஸ்தானங்கள் பலவற்றில் பறவைகளின் கணக்கெடுப்பு முறையாக நடந்ததில்லை. பயணச் செலவையும் கூடாரச் செலவையும் அரசு ஏற்றால், ஊதியம் பெறாமல் கணக்கெடுப்பை நடத்தித் தருவதாக அவர் முன்வந்தார். ஐதராபாத்தில் தொடங்கிய அப்பணி கொச்சி, திருவிதாங்கூர், போபால், இந்தூர், குவாலியர் எனத் தொடர்ந்தது. மாட்டுவண்டியிலும் கால்நடையாகவும் சென்று, காட்டோரத்தில் கூடாரமிட்டுத் தங்கி, விடியுமுன் எழுந்து பறவை பார்க்கும் அவ்வாழ்க்கையில் தெஹ்மினாவும் உடன் சென்றார். இங்கிலாந்தில் கல்வி பயின்ற அவர் முகாம் வாழ்வின் இன்னல்களை இன்முகத்தோடு ஏற்றார்.

1939இல் சிறு அறுவை மருத்துவம் ஒன்றைத் தொடர்ந்து தெஹ்மினா மறைந்தார். சலீம் அலி மறுமணம் செய்துகொள்ளவில்லை. தமக்கையின் இல்லத்தில் தங்கிப் பணியைத் தொடர்ந்தார். 1941இல் இந்தியப் பறவைகளைப் பற்றிய அவரது படநூல் வெளிவந்தது. அதுவரை பறவை பற்றிய நூல்கள் அறிஞர்க்கும் அதிகாரிகளுக்கும் உரியவையாக இருந்தன. வண்ணப்படமும் எளிய விளக்கமும் கொண்ட இந்நூலைக் கையில் வைத்துக்கொண்டு ஊர் ஏரிக்கரைக்குப் போனால், எதிரே நிற்பது எந்தப் பறவை என்று எவரும் தாமே அறிந்துகொள்ளலாம். இந்தியாவில் பறவை பார்த்தல் பொதுமக்களின் பொழுதுபோக்காக வளர்ந்ததற்கு இந்நூலே பெருங்காரணம்.

ஏரியா, வயலா?

இனிப் பரத்பூருக்கு வருவோம். கேவலாதேவ் முற்றிலும் இயற்கையான ஏரி அன்று. முற்றிலும் செயற்கையானதும் அன்று. கம்பீர், பாணகங்கை ஆகிய ஆறுகளின் வெள்ளம் வந்து தேங்கும் தாழ்நிலம் அது. பதினெட்டாம் நூற்றாண்டில் அரசர் சூரஜ்மல் அருகே அஜான் அணையைக் கட்டினார். பின்வந்த அரசர்கள் கரைகளும் மதகுகளும் அமைத்து, நீரைப் பாத்தி பாத்தியாகத் தேக்கி, வாத்து வேட்டைக்கு ஏற்ற களமாக அதை ஆக்கினர். ஏறத்தாழ 29 சதுர கிலோமீட்டர் பரப்புடைய அந்நிலத்தில் நீரின் ஆழம் பெரும்பாலும் இடுப்பளவே.

ஆழமின்மையே அவ்வேரியின் செல்வம். பருவமழையில் அணையின் மதகு திறந்ததும் நீரோடு மீன்குஞ்சுகளும் ஏரிக்குள் புகும். நீருக்குள் நிற்கும் கருவேல மரங்களில் மஞ்சள்மூக்கு நாரை, நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், பாம்புத்தாரா, நீர்க்காகம், கொக்கு ஆகியவை நெருக்கமாய்க் கூடு கட்டும். ஒரே மரத்தில் பல இனங்கள் அடுக்குமாடி வீடுபோல வாழ்வதும் உண்டு. மரத்தடியில் நீர் நிற்பதால் தரைவழிப் பகை அணுகாது. கூட்டில் குஞ்சு வளர்ந்து பறக்கும் வேளையில் குளிர்காலம் வந்துவிடும். அப்போது வடக்கே சைபீரியாவிலிருந்தும் நடு ஆசியாவிலிருந்தும் வாத்துகள் வந்திறங்கும். இதுவரை இங்கே காணப்பட்ட பறவையினங்கள் 350க்கும் மேற்பட்டவை.

நாடு விடுதலை பெற்றபோது இவ்வேரிக்கு நெருக்கடி வந்தது. அரசரின் வேட்டைக்காக இத்தனை நிலத்தை நீருக்கடியில் வைத்திருப்பது ஏன், வடித்துவிட்டு உழவர்களுக்குப் பகிர்ந்தளித்தால் என்ன என்று கேள்வி எழுந்தது. உணவுத் தட்டுப்பாடு நிலவிய காலம் அது. நிலமற்றோர் எழுப்பிய அக்கேள்வியை அநீதி என்று தள்ளிவிட இயலாது. அவர்கள் கண்ணுக்கு அந்த ஏரி மேட்டுக்குடியினரின் விளையாட்டிடமாகவே தெரிந்தது. கரையில் நின்ற கற்களும் அதையே கூறின.

ஏரியைக் காக்க வேண்டும் என்று அரசிடம் எடுத்துரைத்தோருள் சலீம் அலி முதன்மையானவர். பறவை அழகானது என்பதால் மட்டும் ஏரியைக் காக்கச் சொன்னால் பசித்தவர் செவிக்கு அது ஏறாது என்பதை அவர் உணர்ந்திருந்தார். ஏரியின் நீர் சுற்றுப்புறத்தில் பாசனத்துக்கும் பயன்படுவதையும், உலகில் அரிதான நீர்ப்பறவைக் குடியிருப்பு அது என்பதையும் சேர்த்தே முன்வைத்தார். 1956இல் அது பறவைப் புகலிடமாக அறிவிக்கப்பட்டது. எனினும், முன்னாள் அரசருக்கு அங்கே வேட்டையாடும் உரிமை 1972 வரை நீடித்தது. புகலிடம் என்ற பெயர்ப்பலகைக்குள்ளேயே துப்பாக்கி ஓசையும் கேட்ட ஆண்டுகள் அவை.

சலீம் அலி இதைப் பொறுத்துக்கொண்டதைக் குறை கூறுவோர் உண்டு. ஆனால், அவர் வேட்டையை வெறுத்து ஒதுங்கிய துறவி அல்லர். ஆய்வுக்காகப் பறவைகளைச் சுட்டுச் சேகரித்ததை அவர் ஒருபோதும் மறைத்ததில்லை. ஏரி இருந்தால் பறவை மீண்டும் வரும். ஏரியே போனால் எதுவும் வராது என்பதே அவர் கண்ட நடைமுறை உண்மை.

காலில் ஒரு வளையம்

1957இல் அன்றைய மைசூர் மாநிலத்தின் சிமோகா மாவட்டத்துக் கியாசனூர்க் காட்டில் குரங்குகள் மடிந்தன. மனிதர்க்கும் கொடிய காய்ச்சல் பரவியது. அதற்குக் காரணமான நுண்ணுயிரி, உருசிய நாட்டில் உண்ணிகளால் பரவும் நோயொன்றின் நுண்ணுயிரியை ஒத்திருந்தது. அங்கிருந்து வலசை வரும் பறவைகளின் உடலில் ஒட்டிய உண்ணிகளே நோயைக் கொண்டுவந்தனவோ என்ற ஐயம் எழுந்தது. இதனை ஆராய உலக நலவாழ்வு நிறுவனம் உதவ, 1959இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் சலீம் அலியின் தலைமையில் பறவை வலசை ஆய்வைத் தொடங்கியது. ஹெலிகோலாந்தில் முப்பது ஆண்டுகளுக்கு முன் கண்ட முறையைத் தாயகத்தில் பேரளவில் நிகழ்த்தும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது.

பறவையைக் காயப்படுத்தாமல் பிடிக்க வேண்டும். அக்கலை எந்தப் பல்கலைக்கழகத்திலும் கற்பிக்கப்படவில்லை. பீகாரில் மிர்ஷிகார் எனப்படும் மரபுவழிப் பறவை பிடிப்போர் வாழ்ந்தனர். பறவை பிடித்துச் சந்தையில் விற்றுப் பிழைத்த அவர்களை ஆய்வுக்கு அழைத்து வந்தனர். ஒரு பறவை எந்த ஓசைக்கு நிற்கும், எந்த நிழலுக்கு அஞ்சும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. பிடித்த பறவையை எடையிட்டு, அளந்து, எண் பொறித்த மெல்லிய உலோக வளையத்தைக் காலில் பூட்டி விடுவிப்பர். பறவையை எங்கேனும் கண்டெடுப்பவர் பம்பாய்க் கழகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற வேண்டுகோளும் அவ்வளையத்தில் இருக்கும். பின்னர்த் தொலைவிலிருந்து கடிதங்கள் வந்தன. பரத்பூரில் வளையமிட்ட வாத்துகள் சோவியத்து நாட்டின் ஏரிகளில் கிடைத்தன. ஊர் ஏரி என்று நினைத்த நீர்நிலை, பனிநாட்டுப் பறவையின் ஆண்டுப் பயணத்தில் ஒரு தங்குமிடம் என்பது வளையத்தின் வழியே உறுதியாயிற்று. வலசைப் பறவைகளே அந்நோயைக் கொண்டுவந்தன என்பதோ உறுதியாகவில்லை.

இவ்வாய்வின் இன்னொரு முதன்மையான களம் தமிழகத்தின் கோடியக்கரை. கடலும் உப்பளமும் சதுப்பும் காடும் ஒன்றையொன்று தொட்டு நிற்கும் அவ்விடத்தில் பூநாரைகளும் உள்ளான்களும் குளிர்காலத்தில் பெருந்திரளாய்க் கூடுகின்றன. அதன் சிறப்பைச் சலீம் அலி எடுத்துரைத்தார். 1967இல் கோடியக்கரை வனவிலங்குப் புகலிடமாயிற்று. கழகத்தின் ஆய்வாளர்கள் அங்கே ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான பறவைகளுக்கு வளையமிட்டனர்.

இப்பணிகளுக்கிடையே அமெரிக்க அறிஞர் டில்லன் ரிப்ளேயுடன் இணைந்து இந்தியத் துணைக்கண்டத்துப் பறவைகள் அனைத்தையும் பற்றிய பத்துத் தொகுதிகளை எழுதினார். அவை 1968 முதல் 1974 வரை வெளிவந்தன. நிறைவுத் தொகுதி வந்தபோது அவருக்கு வயது எழுபத்தேழைக் கடந்திருந்தது. அவர் முகத்தில் எப்போதும் ஆய்வாளரின் இறுக்கமே இருந்தது என்று எண்ண வேண்டியதில்லை. மோட்டார் சைக்கிள் என்றால் அவருக்கு உயிர். 1950இல் சுவீடன் நாட்டின் உப்சாலாவில் நடந்த உலகப் பறவையியல் மாநாட்டுக்குத் தம் சன்பீம் வண்டியையும் கப்பலில் ஏற்றிச் சென்று ஐரோப்பியச் சாலைகளில் ஓட்டினார். அப்போது அவருக்கு ஐம்பத்து மூன்று வயது.

எருமைகளின் ஏரி

பத்ம பூஷண் (1958), பத்ம விபூஷண் (1976) ஆகிய விருதுகள் அவரை நாடி வந்தன. பால் கெட்டி பரிசாகக் கிடைத்த தொகையைக் கொண்டு இயற்கைப் பாதுகாப்புக்கான நிதியத்தை உருவாக்கினார். கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கைக் காக்கும் இயக்கத்துக்கு அவர் குரல் வலுவூட்டியது. 1981இல் கேவலாதேவ், பன்னாட்டுச் சிறப்புடைய ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. அடுத்த ஆண்டு தேசியப் பூங்காவாயிற்று.

தேசியப் பூங்காவில் கால்நடை மேயக் கூடாது என்பது சட்டம். கேவலாதேவைச் சுற்றியுள்ள கிராமத்தாரின் எருமைகளோ தலைமுறை தலைமுறையாக அங்கே மேய்ந்துவந்தன. மேய்ச்சல் ஏரியைக் கெடுக்கும் என்பது அக்காலத்து இயற்கைக் காப்பாளர் பலரின் கருத்து. சலீம் அலியும் அக்கருத்தினரே. 1982 நவம்பரில் தடை நடைமுறைக்கு வந்தபோது கிராமத்தார் எதிர்த்தனர். காவல்துறையின் துப்பாக்கிச்சூட்டில் சிலர் உயிரிழந்தனர். துப்பாக்கி ஓசை ஓய்ந்து பத்தாண்டு ஆன ஏரிக்கரையில் மீண்டும் அது கேட்டது. இம்முறை வீழ்ந்தவர்கள் மனிதர்கள்.

சலீம் அலி தலைமை வகித்த கழகமே 1980இல் அவ்வேரியில் நீண்டகால ஆய்வொன்றைத் தொடங்கியிருந்தது. நீரின் தன்மை, செடிகொடி, மீன், பறவை என அனைத்தையும் ஆண்டுக்கணக்கில் ஆய்வாளர்கள் பதிவுசெய்தனர். தடைக்குப் பின் நிகழ்ந்தது எவரும் எதிர்பாராதது. எருமைகள் தின்று கட்டுப்படுத்தி வந்த ஒருவகைப் புல், தடையின்றி வளர்ந்து நீர்ப்பரப்பை மூடியது. திறந்த நீர் குறைந்தது. மீன்கள் வாழ இடம் சுருங்கியது. வாத்துகளும் மீன் தின்னும் பறவைகளும் குறைந்தன. மேய்ச்சல் அந்த ஏரிக்குப் பகையன்று, அதன் இயக்கத்தில் ஓர் உறுப்பு என்ற முடிவுக்கு ஆய்வு வந்து சேர்ந்தது. எருமைகளை அளவோடு அனுமதிக்கலாம் என்ற கருத்தையும் அது முன்வைத்தது.

பறவையியலின் தலைமகனாக விளங்கியவர் இவ்விடத்தில் தவறினார் என்பதை மறைக்க வேண்டியதில்லை. கிஹிமில் தூக்கணாங்குருவிக்கு அளித்த பொறுமையைப் பரத்பூரில் எருமைக்கும் மேய்ப்பருக்கும் அவர் அளிக்கவில்லை. ஆனால், அத்தவற்றை வெளிக்கொணர்ந்ததும் அவர் வகுத்த வழியே. கருத்தை ஒருபுறம் வைத்துவிட்டு, கண்டதைக் கண்டவாறு நாள்தோறும் குறித்துவைக்கும் பழக்கத்தை அவரிடம் கற்றவர்களே, அவர் நம்பியதற்கு மாறான முடிவை அஞ்சாமல் எழுதினர். ஆய்வின் நிறைவறிக்கை வந்தபோது அதைப் படிக்க அவர் இல்லை.

இறுதி ஆண்டுகள்

1985இல் அவர் மாநிலங்களவை நியமன உறுப்பினரானார். அதே ஆண்டில் கேவலாதேவ் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் களங்களுள் ஒன்றாயிற்று. 1987இல், தமது தொண்ணூறாம் வயதில், சலீம் அலி பம்பாயில் மறைந்தார். 1990இல் கோயம்புத்தூரில் அவர் பெயரால் பறவையியல், இயற்கை வரலாற்று ஆய்வு மையம் நிறுவப்பட்டது. தேனி மாவட்டத்து மேகமலையில் கண்டெடுக்கப்பட்ட அரிய பழந்தின்னி வௌவால் ஒன்றின் அறிவியல் பெயரிலும் அவர் இருக்கிறார். வாழ்நாளெல்லாம் பறவையைத் தேடியவருக்கு வௌவாலும் தன் பெயரில் இடம் தந்திருக்கிறது.

சலீம் அலி பெரிதும் கவலைப்பட்ட பறவை ஒன்று உண்டு. அது வெண்ணிறச் சைபீரியக் கொக்கு. 1960களின் நடுவில் ஏறத்தாழ இருநூறு கொக்குகள் குளிர்காலத்தைக் கழிக்கக் கேவலாதேவுக்கு வந்தன. ஆண்டுதோறும் அவற்றின் எண்ணிக்கை தேய்ந்தது. வரும் வழியில் வேட்டையும் போரும் அவற்றை விழுங்கின. 2002இல் இணை ஒன்று மட்டும் காணப்பட்டது. அதன்பின் அவை பரத்பூருக்கு வரவில்லை.

பிற பறவைகள் வருகின்றன. நீர் போதிய அளவு வரும் ஆண்டுகளில் கருவேல மரங்கள் கூடுகளால் நிறைகின்றன. மழை பொய்க்கும் ஆண்டுகளில் ஏரித்தளம் வெடித்துக் கிடக்கிறது. பூங்காவைக் காண வருவோரை மிதிவண்டி ரிக்சாக்களில் ஏற்றிச்செல்லும் உள்ளூர் மக்கள், தொலைவில் அசையும் புள்ளியைக் காட்டி அது இன்ன பறவை என்று சொல்லத் தெரிந்தவர்கள். சலீம் அலியின் பெயரால் அமைந்த பார்வையாளர் மையம் நுழைவாயிலை அடுத்து இருக்கிறது. அங்கிருந்து நேராகச் செல்லும் பாதை ஏரியின் நடுவேயுள்ள சிவன் கோயிலை அடைகிறது. ரிக்சாவை நிறுத்தி இறங்குவோர் 1938ஆம் ஆண்டின் கணக்கைக் கல்லில் படித்துவிட்டு, திரும்பி நின்று நீரைப் பார்க்கின்றனர்.